ஆச்சியிடம் கேளுங்கள்: கோட்டை மிதிக்காத பிள்ளை

கேள்வி: ஆச்சி, என் மகளுக்கு ஏழு வயது. ஆறு மாதமாக வீட்டில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பூவை மட்டும் மிதித்து நடக்கிறாள். கோட்டில் கால் பட்டுவிட்டால் நிலைவாசலுக்குப் போய் முதலிலிருந்து வருகிறாள். சாமியைப் பற்றி மனதில் கெட்ட வார்த்தை வருகிறதாம். அதற்காகப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பதினொரு தோப்புக்கரணம், எண்ணிக்கை தப்பினால் மறுபடி. ராத்திரி படுத்ததும் "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று முப்பது நாற்பது தடவை கேட்கிறாள். "ஆகாது கண்ணு" என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மாமியார் குன்றக்குடிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். கணவர் பொறுமை இழந்து அடித்துவிட்டார். நான் வளர்த்ததில் என்ன தப்பு?
– வாசகி, காரைக்குடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பு உங்களுடையது இல்லை. உங்கள் மாமியாருடையதும் இல்லை. செல்லம் கொடுத்தாலோ கண்டித்தாலோ இது வருவதில்லை. சில குடும்பங்களில் வழிவழியாக வரும், சில பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லாமலும் வரும்.

நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆனால் நீங்கள் எழுதிய ராத்திரிகள் எனக்குத் தெரியும். 1996-இல் என் மகன் மூன்றாம் வகுப்பு. "ஆத்தா, தாப்பா போட்டாச்சா?" என்பதுதான் அவன் கேள்வி. முகப்புக் கதவு, வளவுக் கதவு, இரண்டாங்கட்டு, கொல்லை என்று எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இத்தனை கதவு வைத்துக் கட்டிய முன்னோர்களை நான் திட்டாத நாள் கிடையாது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டுவேன். முதலில் ஒரு சுற்று. பொங்கலுக்குள் ஏழு சுற்று. முதலில் பார்த்த டாக்டர் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று அனுப்பியதில் ஒரு வருஷம் போயிற்று.

அப்புறம் மதுரையில் பார்த்த மனநல மருத்துவர் ஒன்று கேட்டார்: "நீங்கள் காட்டக் காட்ட சுற்று குறைந்ததா, கூடியதா?" எனக்கு வாயடைத்துப் போயிற்று.

விஷயம் இதுதான். கெட்ட எண்ணம் எல்லோருக்கும் வரும். கோயிலில் கும்பிட்டு நிற்கும்போதே வேண்டாத வார்த்தை ஒன்று எனக்கும் வந்திருக்கிறது. நமக்கு அது வந்த வழியே போய்விடும். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் உள்ள பிள்ளைக்கு அது போகாமல் மாட்டிக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும். தோப்புக்கரணம் போட்டால் ஐந்து நிமிஷம் ஆறுதல். 'அதைச் செய்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும், நாளைக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும். நீங்கள் சொல்லும் "ஆகாது கண்ணு" இருக்கிறதே, அதுவும் ஒரு தோப்புக்கரணம்தான். போடுவது நீங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்காக இன்று ராத்திரியே வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பிள்ளை மிரண்டுவிடும். பகலில், அவள் நன்றாக இருக்கும் நேரத்தில், உட்கார வைத்துப் பேசுங்கள். நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். என் மகன் 'தாப்பாப் பூதம்' என்று வைத்தான். "ராத்திரி நீ கேட்டால் அம்மா ஒரு தடவை பதில் சொல்வேன். அதுக்கு மேலே கேட்கிறது நீ இல்லை, பூதம். பூதத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன் பக்கத்திலேயே படுத்திருப்பேன்." ஒன்று கடினம் என்றால் பத்தில் ஆரம்பித்துக் குறையுங்கள். முதல் சில நாள் அழுகை கூடும். நான் மூன்றாம் நாள் தோற்றுப்போய் சாவிக்கொத்தை எடுத்துவிட்டேன். அன்றைக்கு ஒன்பது சுற்று! நன்றாக அழுதால் ஆத்தா வருவாள் என்று பூதத்துக்கு நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

கல் மிதிப்பதையும் இப்படித்தான் எடுக்க வேண்டும். எது கொஞ்சம் பயம், எது ரொம்பப் பயம் என்று அவளே பத்துக்கு மார்க் போடட்டும். மார்க் குறைந்த இடத்தில், கொல்லைப் பக்கமாக இருக்கலாம், ஒரே ஒரு கோட்டை மிதித்துவிட்டுத் திரும்பிப் போகாமல் நிற்க வேண்டும். பயம் ஏறும், ஆனால் ஏறிக்கொண்டே போகாது, தானே இறங்கும். அதை அவள் உடம்பு கண்டுகொள்ள வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். வழிகாட்ட ஆள் வேண்டும், ஆகவே மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ "ஈ.ஆர்.பி. செய்வீர்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலிமானஸ் என்று பெயர், 2022-இல் வந்தது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மாமியாரிடம் பக்குவமாக ஒன்று சொல்லுங்கள். குன்றக்குடிக்கு நானும்தான் போகிறேன், அதில் குற்றமில்லை. ஆனால் "இதைச் செய்யாவிட்டால் சாமி கோபிக்கும்" என்ற பேச்சும் நேர்த்திக்கடன் கணக்கும் குழந்தையின் காதில் விழ வேண்டாம். பூதம் சொல்வதும் அதையேதான். பதினொன்று சரியாக வந்ததா என்று பக்கத்தில் நின்று அப்பத்தா எண்ணித் தருவதும் கூடாது.

உங்கள் கணவர் அடிப்பதை நிறுத்த வேண்டும். அடித்தால் நோய் போகாது, ஒளிந்துகொள்ளும். வளவில் போட்ட தோப்புக்கரணத்தைக் குளியலறைக்குள் போடுவாள், அல்லது மனதுக்குள்ளேயே எண்ணுவாள். அப்புறம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ஓசிடி. டாக்டர் செர்ட்ராலின் மாத்திரை எழுதியிருக்கிறார். மூளை மழுங்கிவிடும், பழகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: சொந்தக்காரர்களுக்குக் காபி மட்டும் கொடுங்கள். மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். செர்ட்ராலினை ஆறு வயது முதலே ஓசிடிக்குக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது. இது போதை மருந்து இல்லை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பத்து நாளில் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக ஆனதும் நீங்களாக நிறுத்துவதும் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். முதல் சில வாரங்களில் பையன் வழக்கத்துக்கு மாறாகப் பரபரத்தாலோ, செத்துப்போவதைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

2004-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 21 பேருக்கு நோய் ஏறக்குறைய விட்டுப்போனது. ஈ.ஆர்.பி. அடங்கிய நடத்தைச் சிகிச்சை மட்டும் என்றால் 39. இரண்டும் சேர்ந்தால் 54. ஆக, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

கேள்வி: நாலு வயதுப் பேத்தி வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்குகிறாள். இதுவும் அதுதானா? பயமாக இருக்கிறது.
– வாசகி, தேவகோட்டை

பதில்: பாதியில் "வெள்ளைப் பணியாரம் சுட்டாச்சு" என்று கூப்பிட்டுப் பாருங்கள். செருப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தால் அது விளையாட்டு. அந்த வயதில் இப்படி ஒழுங்கு பார்ப்பது சகஜம். அடுக்கி முடிக்காமல் அழுது துடித்தால், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டை வலி, காய்ச்சலுக்குப் பின் ஒரே நாளில் பிள்ளை அடியோடு மாறிப்போனாலும் தாமதிக்க வேண்டாம்.

மற்றபடி, லீவுக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். முகப்பில் பதினாலு ஜோடி கிடக்கிறது.