லாரி வாங்காமலே லாரித் தொழிலில் ஜெயிப்பது எப்படி?

கேள்வி: ஐந்து லாரி ஓட்டுகிறோம். ஜெர்மனியின் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியான ஷென்கரையே விலைக்கு வாங்கிய டிஎஸ்வி கம்பெனிக்குச் சொந்த லாரி அநேகமாகக் கிடையாதாமே? பிறகு எப்படி ஜெயித்தது?
- வாசகர், கப்பலூர்

பதில்: வேடிக்கை என்னவென்றால், டிஎஸ்வியே 1976-இல் டென்மார்க் லாரி உரிமையாளர்கள் சேர்ந்து தொடங்கியதுதான். இன்று லாரியும் டிரைவரும் பெரும்பாலும் துணை ஒப்பந்தக்காரருடையவை. சரக்கு பிடிப்பது, கணினி, குடோன் மட்டும் கம்பெனி கையில். சந்தை படுத்தால் தவணை கட்டும் தலைவலி லாரிக்காரருக்குத்தான். இதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். யுடிஐ (2016), பானல்பினா (2019), சுமார் 1,430 கோடி யூரோவுக்கு ஷென்கர் (2025) எனச் சரக்குக் கம்பெனிகளை வாங்கிக்கொண்டே போனார்கள். வாங்கிய கம்பெனியைத் தங்கள் மென்பொருளுக்குள் இழுப்பது, ஒரே ஊரில் இரண்டாக இருக்கும் அலுவலகத்தை ஒன்றாக்குவது, இதுதான் அவர்கள் பாணி.

ஐரோப்பாவில் லாரிக்காரர் பாடு கடினம். டிரைவர் நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவி ஓட்டிய நேரம், ஓய்வு எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். ஜெர்மனியில் சரக்கு இறக்கிய போலந்து வண்டி, அந்த நாட்டுக்குள் 7 நாளில் 3 லோடு அடிக்கலாம். அதன்பின் 4 நாளைக்கு அதே வண்டி அங்கே உள்நாட்டு லோடு எடுக்கக் கூடாது. காலியாக ஓடும் கிலோமீட்டரைக் குறைக்கிறவர் கையில்தான் காசு நிற்கும். நம்மூர் புக்கிங் ஆபீஸ் ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுப்பதுபோல அங்கே டிமோகாம் மாதிரி இணையச் சந்தைகள் உண்டு. ஆறாவது லாரி வாங்குமுன், இருக்கிற ஐந்தும் மாதம் எவ்வளவு தூரம் காலியாக ஓடுகின்றன என்று வண்டிவாரியாக எழுதிப் பாருங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கு 4 கன மீட்டர் ரப்பர் பாகம் எல்சிஎல்லில் (பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில்) அனுப்பினோம். கப்பல் வாடகை மிகக் குறைவு. ஆனால் அங்கே பெரிய பில் வந்ததாக வாங்கியவர் சண்டை போடுகிறார்.
- வாசகி, மேலூர்

பதில்: போட்டியில் வாடகையைக் குறைத்துக் காட்டி, விட்டதை அக்கரையில் பிடிப்பார்கள்: கன்டெய்னரிலிருந்து சரக்கைப் பிரிக்கும் கூலி, துறைமுகக் கட்டணம், டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு) கட்டணம். சிஐஎஃப் விலை (சரக்கு, காப்பீடு, அந்தத் துறைமுகம்வரை கப்பல் வாடகை சேர்ந்தது) பேசியிருந்தால் இவை பொதுவாக வாங்குபவர் தலையில்தான் விழும். கொட்டேஷன் கேட்கும்போதே ஹாம்பர்க் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது கூடுதலோ அதுதான் கணக்கு.

அங்கிருந்து லாரியில் போகும்போது தரை இடம் பார்ப்பார்கள். 13.6 மீட்டர் டிரெய்லரில் 1200 x 800 மில்லிமீட்டர் யூரோ பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) 33 நிற்கும். உங்கள் பேலட்மேல் இன்னொன்றை வைக்க முடியாவிட்டால், ஒரு பேலட்டுக்குக் கணக்கிடும் 0.4 மீட்டர் டிரெய்லர் நீளம் முழுவதற்கும் காசு. மேல்பக்கம் சமமாக, பட்டை இறுக்கிக் கட்டுங்கள். மரப் பேலட்டில் எச்டி முத்திரை இருக்கிறதா பாருங்கள்: மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி, 30 நிமிடம் சூடேற்றியதற்கான அடையாளம் அது. இல்லையென்றால் சரக்கு திரும்பி வரலாம்.

பில்லில் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஐரோப்பா போகும் கப்பலில் கன்டெய்னர் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே, ஆறு இலக்க எச்எஸ் எண்ணோடு (சரக்கு வகையைக் குறிக்கும் சுங்க எண்) விவரம் அங்குள்ள சுங்கத்துக்குப் போயாக வேண்டும். கொழும்பில் கப்பல் மாறுகிறதென்றால், பெரிய கப்பலில் ஏறும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.