காரோடு கடல் தாண்டலாமா? வாசகர் கேள்வி பதில்

நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதே, எங்கள் டி.என். 23 வண்டியை அதிலேயே ஏற்றி யாழ்ப்பாணம் போய் வரலாமா?
– வாசகர், காட்பாடி

முடியாது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த சேவை அது. ஆட்களையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் மட்டும்தான் ஏற்றுவார்கள். கார் போக வேண்டுமானால் சென்னையில் கன்டெய்னரில் அடைத்து, கொழும்புக்குச் சரக்காக அனுப்ப வேண்டும். நீங்கள் தனியாகப் போய் அங்கே வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 20 அடி கன்டெய்னரில் ஒரு கார் தாராளமாக அடங்கும். அடைக்கும் நாளில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருக்கட்டும்; பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்வார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பெல்ட் போட்டு இறுக்கிய பிறகு நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தால் பேச அதுதான் ஆதாரம்.

பத்து நாள் சுற்றுலாவுக்கு இவ்வளவு பாடு வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. அங்கே வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தால் போதும், செலவும் குறைவு.

‘கார்னெட்’ என்கிறார்களே, அது என்ன? எங்கள் வண்டி கம்பெனி பெயரில் இருக்கிறது. கடனும் இன்னும் முடியவில்லை.
– வாசகர், ஆம்பூர்

வெளிநாட்டு வண்டி ஒரு நாட்டுக்குள் நுழைந்தாலே சுங்கத்தின் கணக்கில் அது இறக்குமதி; வரி கட்ட வேண்டும். ‘விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன்’ என்பதற்கு ஒரு சங்கம் உங்களுக்காக நிற்கும் ஜாமீன்தான் கார்னெட். மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதைக் கொடுக்கிறது. ஓர் ஆண்டு செல்லும். வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பார்த்து வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். உங்கள் பணத்தில் பெரும்பகுதி முடங்குவது அங்கேதான்.

கார்னெட் புத்தகமாகத்தான் வரும், அதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது கீழ்த்துண்டைச் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது நடுத்துண்டு போகும். இரண்டு முத்திரையும் விழுந்த மேல்துண்டு புத்தகத்திலேயே தங்கும். கோட்டை விடுவது பெரும்பாலும் வெளியேறும் முத்திரையில். ராத்திரிக் கப்பல், பின்னால் நீண்ட வரிசை, அதிகாரி கையசைத்துப் போகச் சொல்லிவிடுவார். நாமும் தப்பித்தோம் என்று ஏறிவிடுவோம். மாதங்கள் கழித்து, ‘வண்டி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது, வரி கட்டு’ என்று சங்கத்துக்குக் கடிதம் வரும். வண்டியை விட்டு இறங்கி நின்று முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் விட்டுப்போனால், ஊர் திரும்பியதும் வண்டியைச் சுங்கத்தில் காட்டி, இங்கேதான் இருக்கிறது என்று சான்று வாங்கலாம். அதற்கும் புத்தகத்திலேயே இடம் உண்டு.

கம்பெனி வண்டி என்றால் ஓட்டுபவர் பெயரைக் குறிப்பிட்டு லெட்டர் பேடில் அதிகாரக் கடிதம் வேண்டும். ஆர்.சி.யில் ஹைப்பொதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, இருப்பதால் வங்கியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இல்லாமல் நகர முடியாது. முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள்.

இன்னொன்று: சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், நிறம் மூன்றும் ஆர்.சி., கார்னெட், வண்டி ஆகிய மூன்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வெள்ளை வண்டிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் சுற்றிவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் துறைமுகத்தில் மாட்டுவீர்கள். பழைய வண்டி என்றால் சேஸிஸ் நம்பர் துருவிலும் கிரீஸிலும் மூழ்கிக் கிடக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) எடுப்பதுபோல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாவிட்டால் சுங்கத்தாலும் முடியாது.

இங்கே எடுத்த முழு இன்சூரன்ஸ் கடலுக்கும் செல்லுமா?
– வாசகர், குடியாத்தம்

செல்லாது. நம் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டுவார்கள். அந்த நீட்டிப்பின் வாசகத்தையும் படியுங்கள்: வண்டியைக் கடல்வழியே கொண்டுபோகும்போது ஏற்படும் சேதம் சேராது என்று அதிலேயே இருக்கிறது. அதற்குத் தனியாக மரைன் இன்சூரன்ஸ், அதாவது கடல்வழிச் சரக்குக் காப்பீடு, வேண்டும். இதை எடுக்காமல் விடவே கூடாது. நடுக்கடலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் தூக்கி எறிந்தால், அந்த நஷ்டத்தைச் சரக்கு ஏற்றிய எல்லோர் தலையிலும் பங்கு போடுவது கடல் சட்டம். உங்கள் காருக்குக் கீறலே விழாவிட்டாலும் பங்கு வரும்.

மகள் இங்கிலாந்தில் நர்ஸ். எங்களைத் தன் காரிலேயே கப்பலில் ஏற்றி பிரான்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். என்னென்ன பார்க்க வேண்டும்? வழியில் சாப்பிட பிரியாணி கட்டிக்கொள்ளலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் இருந்து பிரான்சின் கலே ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இங்கிலாந்து விசா பிரான்சுக்குச் செல்லாது. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை ஊரில் இருக்கும்போதே சென்னையில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். டோவரிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கைரேகையும் போட்டோவும் எடுக்க ஆரம்பித்ததால் கையில் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

மகள் வண்டியின் அசல் பதிவுச் சான்றை எடுத்துக்கொள்ளட்டும். வாடகைக் கார் என்றால் அதற்குப் பதில் வி.இ.103 என்ற சான்றை வாடகைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். வண்டி எந்த நாட்டுடையது என்று காட்டப் பின்னால் ஒட்டும் பழைய ‘ஜி.பி.’ ஸ்டிக்கர் இருந்தால் பயனில்லை. 2021 செப்டம்பர் 28 முதல் ‘யு.கே.’தான். முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் சட்டையும் வேண்டும். சட்டை டிக்கியில் கிடக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்திலேயே கைக்கு எட்டணும். இங்கிலாந்து ஹெட்லைட் இடப்பக்க ஓரத்தைத் தூக்கிக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் ஊரில் அதே வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கர் விற்கிறது, சில வண்டிகளில் மெனுவிலேயே மாற்றலாம்.

கூரையில் பெட்டி வைத்தால் அதையும் சேர்த்து உயரத்தை அளந்து டிக்கெட் போடுங்கள். கப்பலுக்குள் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, அலாரத்தை அணைக்க வேண்டும். கப்பல் ஆடும்போது அது தானாகக் கத்தி பேட்டரியைத் தின்றுவிடும். பிறகு எல்லோரும் மேலே போயாக வேண்டும், கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தள எண்ணையும் படிக்கட்டின் அடையாளத்தையும் போனில் போட்டோ பிடித்துவிட்டால், இறங்கும்போது தேடி அலைய வேண்டாம்.

பிரியாணி? டோவர் வரைக்கும். இறைச்சியும் பாலும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை, பால்கோவாவுக்கும் அதே கதி. திரும்பும்போதும் அப்படித்தான், 2025 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தும் ஐரோப்பிய இறைச்சி, பாலைத் தடுக்கிறது. புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு சென்னை போகணுமா?
– வாசகர், ஆற்காடு

வேண்டாம். உங்கள் லைசென்ஸுக்கு உரிய ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே படிவம் 4-ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டணத்தோடு வாங்கலாம். ஓர் ஆண்டு செல்லும். கூடவே அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். இலங்கையில் ஓட்ட அந்த நாட்டு அங்கீகாரமும் தனியாகப் பெற வேண்டும்.

கேஸ் கிட் போட்ட வண்டி கப்பலில் ஏறுமா?
– வாசகர், வாணியம்பாடி

டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். சில கப்பல்கள் ஏற்றும், சில ஏற்றாது. கிட் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். டிக்கியில் கேன் பெட்ரோல் மட்டும் வைக்காதீர்கள், கண்டால் இறக்கச் சொல்வார்கள்.