டாக்காவில் குழப்பம் என்றால் களுவாஞ்சிக்குடியில் சாரம் விலை ஏறுமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு சிறிய புடவைக்கடை வைத்திருக்கிறேன். மலிவு விலைச் சாரம் (லுங்கி), வேட்டி, நூல் சேலைதான் கூடுதலாக ஓடும். பங்களாதேஷில் கலவரம், செங்கடலில் கப்பலுக்கு அடி என்று செய்தி வரும்போதெல்லாம் கொழும்பு மொத்தக்காரர் சாரத்துக்கு நூறு, நூற்றைம்பது கூட்டிச் சொல்கிறார். "இப்ப எடுக்காட்டி இனிக் கிடைக்காது" என்கிறார். இது உண்மையா? மாமாங்கத் தீர்த்தத்துக்கும் அதற்குப் பின்வரும் திருவிழாக்களுக்கும் கடன் பட்டு இப்போதே வாங்கி அடுக்கலாமா?

பதில்: கடன் பட்டு அடுக்க வேண்டாம். முதலில், அவர் விலை கூட்டும் துணி எந்த நாட்டில் நெய்தது என்று கேளுங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே விடை வந்துவிடும்.

நீங்கள் விற்கும் வேட்டியும் நூல் சேலையும் பெரும்பாலும் ஈரோடு, சேலம் பக்கத்து விசைத்தறிகளில் இருந்து வருபவை. பளபளப்பான மலிவுச் சேலை என்றால் சூரத். சாரம் மட்டும் இந்தியா, பங்களாதேஷ், இந்தோனேசியா என்று பல இடங்களில் இருந்து வரும். ஆகவே டாக்காவில் நடப்பதைச் சொல்லி ஈரோட்டு வேட்டிக்கு விலை கூட்டினால், அது செய்தியை விற்பது.

2024 ஜூலையில் பங்களாதேஷில் மாணவர் போராட்டம் முற்றியபோது ஊரடங்கு வந்தது, இணையம் நின்றது, சிட்டகொங் துறைமுகத்தில் கப்பல் பெட்டிகள் (கொன்டெய்னர்) தேங்கின. ஆகஸ்ட் 5இல் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போனார். செப்டம்பரில் டாக்காவுக்கு அருகே அஷுலியா பக்கம் தொழிலாளர் போராட்டத்தால் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆனால் அவை மேல்நாட்டுக் கடைகளுக்கு ரீ-சேர்ட்டும் காற்சட்டையும் தைக்கும் தொழிற்சாலைகள். அங்கத்தைய லுங்கி பாப்னா, சிராஜ்கஞ்ச், நர்சிங்டி பக்கத் தறிகளில் நெய்யப்படுவது. தறி ஓடினாலும் துறைமுகமும் வங்கியும் நின்றால் சரக்கு தாமதமாகும். அது வேறு விடயம். தாமதத்தால் வரும் தட்டுப்பாடு சில வாரத்தில் தீரும். அதற்காக ஆறு மாதச் சரக்கை இப்போது வாங்கத் தேவையில்லை.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. இந்தியப் பருத்தி நூலைப் பெருமளவில் வாங்குவது பங்களாதேஷ்தான். அங்கே ஆலைகள் நின்றால் இந்திய ஆலைகளில் நூல் தேங்கும், விலை இறங்கவும் கூடும். நமது பக்கத்துக் கைத்தறி ஊரான மருதமுனையின் தறிகளுக்கும் இந்திய நூல்தான். அதனால் டாக்காக் கலவரம் மருதமுனைச் சாரத்தை மலிவாக்கவும் இடமுண்டு! 2025 ஏப்ரலில் பங்களாதேஷ் இந்திய நூலைத் தரைவழியாக எடுப்பதை நிறுத்தியது. மே மாதம் இந்தியா அவர்களின் ஆயத்த ஆடைகளைத் தரைவழியாக விடுவதை நிறுத்தியது. இரண்டும் அவர்களின் எல்லைச் சிக்கல். கொழும்புக்குச் சரக்கு கடலால் வருகிறது.

செங்கடல் கதைக்கு வருவோம். 2023 நவம்பரில் இருந்து யேமனின் ஹூதி ஆயுதக் குழுவின் தாக்குதலால் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. தூத்துக்குடியில் இருந்தோ சிட்டகொங்கில் இருந்தோ கொழும்புக்கு வரும் கப்பல் செங்கடல் பக்கமே போவதில்லை. கப்பல்கள் நீண்ட வழியில் மாட்டிக்கொள்வதால் எல்லா வழியிலும் வெற்றுப் பெட்டி குறைந்து, கட்டணம் ஏறும் என்பது மெய்தான். எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். நாற்பது அடிப் பெட்டியில், குறைத்துச் சொன்னாலும் 50,000 சாரம் கொள்ளும். பெட்டிக் கட்டணம் 1,000 டொலர் ஏறியது, டொலர் 300 ரூபாய் என்று வையுங்கள். கூடுதல் செலவு 3 இலட்சம். ஒரு சாரத்துக்கு 6 ரூபாய். வேறு பொருளோடு கலந்து 20,000 சாரம் மட்டும் ஏற்றினாலும் 15 ரூபாய். நூற்றைம்பது எங்கே இருந்து வந்தது?

உண்மையில் விலையை அசைப்பது டொலர். 700 ரூபாய்க்கு இறங்கும் சாரம், டொலர் 300இல் இருந்து 315 ஆனால் 735 ஆகும். அந்த 35க்கு மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்தால் 41 ரூபாய். 2022 மார்ச்சில் 200 அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். அன்று துணி விலையை உலுக்கியது வெளிநாட்டுக் கலவரம் அல்ல, நமது நாட்டின் பொருளாதார நெருக்கடி. எண்ணெய் விலையும் முக்கியம்: பொலியெஸ்டர் எண்ணெயில் இருந்து வருவதால், மத்திய கிழக்கில் போர் மூண்டால் முதலில் சூரத் சேலை ஏறும், பிறகுதான் பருத்தி.

மொத்தக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: இந்தச் சரக்கு எந்த மாதம் துறைமுகத்தில் இறங்கியது? செய்திக்கு முன்னே இறங்கிய பழைய இருப்பு என்றால் பழைய விலைதான் நியாயம். அடுத்த வரத்து விலையை எத்தனை நாளுக்கு நிலையாக வைப்பார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தேவையான தொகையை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை இப்போதும் மற்ற இரண்டை மாதத்துக்கு ஒன்றாகவும் எடுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் முழுத் தொகையும் மாட்டாது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் விலையை விடத் தரத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். விலையைக் கூட்டாமல் துணியைக் குறைப்பார்கள். கட்டில் இருந்து ஒன்றை எடுத்து நீளம் அளவுங்கள். 2 மீற்றர் என்று சொன்னது 1.8இல் நிற்கும். போன தடவை வாங்கியதையும் இதையும் தராசில் வையுங்கள். 30 கிராம் குறைந்தால் நூல் மெலிந்திருக்கிறது அல்லது நெருக்கம் குறைந்திருக்கிறது. ஓரத்து நூலை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி தாள் எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். ஈர வெள்ளைத் துணியால் சிவப்பு, கறுப்புக் கோடுகளைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தக் கட்டை அப்படியே திருப்புங்கள், ஏனென்றால் முதல் சலவையிலேயே வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

ஒரு பகுதியை மருதமுனைத் தறிகாரரிடம் எடுப்பதும் நல்லது, ஆனால் அவசரத்துக்கு அங்கே ஓடக் கூடாது. ஒரு கைத்தறியில் நாளுக்கு இரண்டு மூன்று சாரம்தான் இறங்கும். சாயம் போட்டு, பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டி, தறியில் ஏற்ற முன்னே ஒரு வாரம் போகும். அறுபது சாரத்துக்கு ஒரு தறி என்றால் ஒன்றரை மாதம் கொடுங்கள். ஒரு பாவில் ஒரே கோட்டு வரிசைதான் வரும். பத்துச் சாரம் பத்து டிசைனில் கேட்டால் அவருக்குக் கட்டாது. ஒரே பாவில் ஊடை (குறுக்கு நூல்) நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னால் நாலைந்து நிறபேதம் கிடைக்கும். நூலுக்கு முற்பணம் கேட்பார், அது நியாயம். கணக்கு எளிது: முடிந்த சாரம் 300 கிராம் என்றால் சேதாரத்தோடு 330 கிராம் நூல். பத்து இறாத்தல் நூல் பண்டல் 4.54 கிலோ; அதில் 13 சாரம் வரும். அறுபதுக்கு ஐந்து பண்டல், அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கொஞ்சம் கூடுதலாக வாங்கியே ஆக வேண்டும் என்றால், கஞ்சி போட்ட பருத்தியைக் கார்த்திகை, மார்கழி மழைக்கு வைக்காதீர்கள். நமது பக்கத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும். இறுக மூடிய பொலித்தீன் அதைக் கூட்டும். பழைய வெள்ளைத் துணியில் சுற்றி, தரையில் இருந்து ஓரடி உயரத்தில், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். வெள்ளம் ஏறும் வீடென்றால் அந்த ஓரடியும் போதாது. மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மடித்த கோட்டிலேயே நிறம் வெளிறும், பிறகு அதை அரை விலைக்குத்தான் தள்ள வேண்டும்.