வளர்ந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கும் மிஷனரிக் குடும்பம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உகாண்டாவில் ஊழியம் செய்துவரும் ஓர் அமெரிக்கக் குடும்பம், பெற்றோரை இழந்த மூன்று உடன்பிறப்புகளை (14, 11, 8 வயது) தத்தெடுக்க முயன்றுவருவதைப் பற்றி, அங்கே மிஷன் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் நம் வாசகி ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: பிள்ளைகள் அந்த வீட்டில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். ஆண்டவருக்காகச் சொந்த ஊரையே விட்டுப் போனவர்களை நீதிமன்றம் இப்படி வாய்தா மேல் வாய்தா கொடுத்து இழுத்தடிப்பது நியாயமா?
(வாசகர், நாகர்கோவில்)

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் காத்திருப்பு அவசியமானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். உகாண்டாவின் குழந்தைகள் சட்டப்படி, வெளிநாட்டவர் ஒருவர் அங்கே தத்தெடுக்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். முன்பெல்லாம் அவர் மூன்று ஆண்டுகள் அந்நாட்டில் தங்கி, சமூகநல அலுவலரின் மேற்பார்வையில் குழந்தையை வளர்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஓராண்டாகக் குறைத்தது. அங்கேயே குடியிருக்கும் மிஷனரிகளுக்கு இது அனுகூலமான மாற்றம். அதே திருத்தம் வேறொரு வழியை அடைத்தது. மூன்றாண்டுகள் தங்க இயலாத வெளிநாட்டவர்கள் பலர், தத்து ஆணைக்குப் பதிலாகச் சட்டப் பாதுகாவலர் ஆணை பெற்று, பிள்ளைகளைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துச் சென்று அங்கே தத்தெடுத்துவந்தார்கள். இனி உகாண்டாவின் குடிமக்களுக்கு மட்டுமே அந்த ஆணை கிடைக்கும்.

இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் ஏன் தேவை என்பதை நம் சபைகளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் அமெரிக்கக் கருவூலத் துறை, தத்து மோசடிக்காக உகாண்டாவின் நீதிபதிகள் இருவர் மீதும், ஒரு வழக்கறிஞர் மீதும், அவருடைய கூட்டாளி மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. தொலைதூரக் கிராமங்களில் ஏழைப் பெற்றோரைத் தேடிச் சென்ற இடைத்தரகர்கள், உங்கள் பிள்ளைகள் தலைநகர் கம்பாலாவில் மிஷனரிகளின் பராமரிப்பில் நன்றாகப் படிப்பார்கள் என்று சொல்லி அவர்களை அழைத்துவந்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் அநாதைகளாகக் காட்டப்பட்டு, அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தரப்பட்டார்கள். எந்தப் பெயரை நம்பி அந்தத் தாய்மார் பிள்ளைகளை அனுப்பினார்களோ, அதே பெயரைத்தான் நீங்கள் எனக்கு நற்சான்றாகக் காட்டுகிறீர்கள். இந்தக் குடும்பத்தின் மீது எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் நேர்மையாளரையும் ஏமாற்றுக்காரரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய எந்த நீதிபதிக்கும் வழி இல்லை. இருவரையும் ஒரே கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. 2015-இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் உகாண்டாவிலிருந்து ஒரு சிறுமியைத் தத்தெடுத்தது. தாய் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றுதான் ஆவணங்கள் கூறின. அவள் ஆங்கிலம் பேசப் பழகிய பிறகு, தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்ன தாய்க்கும் காகிதத்தில் இருந்த தாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பெற்றோர் விசாரித்து உண்மையை அறிந்து, மறு ஆண்டே அவளைத் தாயிடம் திருப்பி ஒப்படைத்தார்கள். கைக்குழந்தையாக இருந்திருந்தால் அவளால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே, சமூகநல அலுவலர் பிள்ளைகளைத் தனியாக அழைத்து, அவர்களுடைய சொந்த மொழியில் பேசுவதும், அத்தை, மாமன், பாட்டி என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய் வளர்க்க முடியுமா என்று கேட்பதும், அதற்காக வழக்கு தள்ளிப்போவதும் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மைதான். மேலும், 14 வயதை எட்டிய பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அங்கே தத்து ஆணை பிறப்பிக்க இயலாது. மூத்த பெண்ணிடம் நீதிமன்றம் நேரில் கேட்கட்டும். அவள் சம்மதிப்பதாகச் சொல்வதைவிட வலுவான சான்று அந்தக் குடும்பத்துக்கு வேறு எது கிடைக்கப்போகிறது?

கேள்வி: ஆணை கிடைத்தவுடன் அவர்கள் அமெரிக்காவுக்குப் போய்விடலாமா? பிள்ளைகளுக்குக் குடியுரிமை தானாக வந்துவிடுமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

இரண்டும் அவ்வளவு எளிதல்ல. நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதை நெறிப்படுத்தும் 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்து உடன்படிக்கையில் உகாண்டா சேரவில்லை. ஆதலால் அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் ஐ-600 என்னும் மனு அளிக்க வேண்டும். பெற்ற தாய் தந்தை இருவரும் இறந்தவர்கள், அல்லது பிள்ளையைக் கைவிட்டவர்கள், அல்லது எஞ்சியிருக்கும் ஒரே பெற்றோர் காப்பாற்ற இயலாமல் எழுத்துமூலம் விட்டுக்கொடுத்தவர் என்று அந்தத் துறை தனியாக ஆராய்ந்து முடிவு செய்யும். உகாண்டா நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதாலேயே அது அப்படியே ஏற்றுக்கொள்ளாது.

வயது வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு 16 வயது நிறைவதற்குள் மனு போட்டாக வேண்டும். வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் இரவில் உறங்காமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். அதே பெற்றோர் தம்பியையோ தங்கையையோ 16 வயதுக்குள் தத்தெடுத்தால், மூத்த பிள்ளைக்கு 18 வயது வரை அவகாசம் உண்டு. உடன்பிறந்தோரைப் பிரிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த விலக்கு இருக்கிறது.

குடியுரிமையைப் பொறுத்தவரை, 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தத்து முழுமையாக முடிந்து குடியேற்ற விசாவில் வந்து, பெற்றோருடன் அமெரிக்காவில் வசிக்கும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது தானாகவே கிடைக்கும். ‘வசிக்கும்’ என்ற நிபந்தனையில்தான் மிஷனரிக் குடும்பங்கள் பல தடுமாறுகின்றன. ஒரு மாதம் ஊருக்குப் போய்ச் சபைகளைச் சந்தித்துவிட்டு உகாண்டாவுக்குத் திரும்பினால் அது வசிப்பதாகக் கொள்ளப்படாது. வெளிநாட்டில் தொடர்ந்து வாழும் குடும்பம் என்-600கே என்னும் வேறொரு விண்ணப்பம் அளித்து, பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்குள் நடைமுறை முழுவதையும் முடித்தாக வேண்டும். இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. அந்தச் சட்டம் வருவதற்கு முன் தத்தெடுக்கப்பட்ட பலர், தங்களுக்குக் குடியுரிமை இல்லை என்பதையே பெரியவர்களான பிறகுதான் அறிந்தார்கள். அவர்களில் சிலர் மொழிகூடத் தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

கேள்வி: மூத்தவளுக்கு 14 வயது என்கிறீர்கள். அந்த வயதில் புதிய பெற்றோரோடு மனம் ஒட்டுமா? பெயரையும் மாற்றப் போகிறார்களாமே?
(வாசகி, கோயம்புத்தூர்)

செவிலியர் சகோதரி தம் கடிதத்தில் ஒரு காட்சியை எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் தம்பி, தங்கையின் தட்டில் மடோக்கே என்னும் வாழைக்காய் உணவு விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தன் தட்டை எடுப்பாளாம். தங்கைக்கு ஊட்டப்போன வளர்ப்புத் தாயின் கையை ஒருமுறை தள்ளிவிட்டாளாம். சிலர் இதைப் பிடிவாதம் என்பார்கள். தாய் போன நாளிலிருந்து அந்த இருவருக்கும் அவளே தாயாக இருந்திருக்கிறாள் என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பொறுப்பை அவளிடமிருந்து ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டால், தன்னால் இனி இவர்களுக்குப் பயனில்லை என்றே அவள் எண்ணுவாள். சின்னவளுக்குத் தலைவாருவது போன்ற சில வேலைகளை அவளிடமே விட்டுவைத்து, மற்றவற்றைச் சிறிது சிறிதாகத் தாய் எடுத்துக்கொள்வது நல்லது. ஒட்டுமா என்று கேட்டீர்கள். ஒட்டும், ஆனால் குழந்தைப் பருவத்தில் வரும் ஒட்டுதலைப் போல அது இராது. முதலில் நம்பிக்கை வரும், பாசம் அதன் பின்னால் வரும். ‘அம்மா’ என்று அழைக்கும்படி யாரும் அவளை வற்புறுத்த வேண்டாம்.

பெயரை மாற்ற வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. இந்த மூவரும் பகாண்டா இனத்தவர் என்று அறிகிறேன். அந்த மக்களிடையே ஒருவரின் பெயரே அவர் எந்தக் குலத்தவர் என்பதைக் காட்டும். ஒரே குலத்துக்குள் மணமுடிப்பதும் கூடாது. வளர்ப்புப் பெற்றோரின் குடும்பப் பெயரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளட்டும், பிறந்த பெயர் அப்படியே இருக்கட்டும். லுகாண்டா மொழி பேசும் ஒருவராவது அவர்களுடைய வீட்டுக்கு வந்துபோகட்டும்.

கேள்வி: நம் நாட்டில் வசிக்கும் வெளிநாட்டு மிஷனரிகள் இவ்வாறு தத்தெடுக்க முடியுமா?
(வாசகர், திருச்சி)

முடியும். இந்தியா 2003-லேயே ஹேக் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இங்கே வழக்கமாக வசிக்கும் வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்தின் தடையில்லாச் சான்றுடன் மத்திய தத்துவள ஆணையமான ‘காரா’வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த இல்லத்தோடும் நேரடியாகப் பேசி முடிவு செய்யக் கூடாது. தத்து ஆணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

கேள்வி: அந்தப் பிள்ளைகளின் படத்தைச் சபையில் காட்டிக் காணிக்கை சேர்த்து அனுப்ப விரும்புகிறோம். யாருக்கு அனுப்புவது?
(வாசகர், தூத்துக்குடி)

உங்கள் அன்புக்கு நன்றி. படம் வேண்டாம். ஆணை வரும்வரை அவர்கள் சட்டப்படி இன்னொரு நாட்டின் பாதுகாப்பில் உள்ள பிள்ளைகள். அவர்களுடைய துயரக் கதையையும் முகத்தையும் பலர் முன் வைக்க நமக்கு உரிமை இல்லை. ஆணை வந்த பிறகும் அவர்களைக் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். பயணச் செலவுக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் குடும்பத்தாரிடமே பணம் கொடுக்கலாம். வழக்கு முடியும்வரை குழந்தைகள் இல்லத்துக்கோ அலுவலர் எவருக்கோ நன்கொடை என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடு தந்ததே வழக்குக்குக் களங்கமாகிவிடும். ஒருவேளை அந்தப் பிள்ளைகளை வளர்க்க விரும்பும் அத்தையோ பாட்டியோ கண்டுபிடிக்கப்பட்டால், சேர்த்த காணிக்கையை அந்த உறவினரின் குடும்பத்துக்கு அனுப்பச் சபை ஒப்புமா என்பதை இப்போதே கேட்டு முடிவெடுத்துவிட்டு வசூலைத் தொடங்குங்கள்.