டைனோசர் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். டைனோசர் என்றாலே பிள்ளைகள் குதிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். 'கீழடியில டைனோசர் எலும்பு கிடைச்சுதா டீச்சர்?' என்று ஒரு பையன் கேட்டான். எங்களிடம் புதைபடிவ மாதிரி எதுவும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. எப்படித் தொடங்குவது? அரியலூர் பக்கம் அழைத்துப் போனால் கல் பொறுக்கிக்கொண்டு வரலாமா?

பதில்: அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அவனுக்கு 'பழசு' என்றால் எல்லாம் ஒரே பழசு. ராஜராஜன், கீழடி, டைனோசர் எல்லாம் அவன் மனதில் ஒரே அறையில் இருக்கிறார்கள். காலத்தின் நீளம் பிடிபடாதவரை நீங்கள் எத்தனை விலங்கின் பெயர் சொன்னாலும் அது வெறும் மனப்பாடம்தான்.

46 மீட்டர் சணல் கயிறு வாங்குங்கள். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. ஆக ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆண்டு. கணக்கை அவர்களே போட்டுவிடுவார்கள். மைதானத்தில் கயிற்றை நீட்டி, பூமி பிறந்த முனையிலிருந்து நடக்கவிடுங்கள். ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிற விலங்கு எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குச் சலித்துப்போகும்; சலிக்கட்டும், அந்தச் சலிப்புதான் பாடம். இன்றைய நாளைக் குறிக்கும் கடைசி முனையிலிருந்து அளந்தால் டைனோசர்கள் 2.3 மீட்டரில் வருகின்றன, 66 சென்டிமீட்டரில் முடிந்துபோகின்றன. நம் மனித இனம் மொத்தமுமே கடைசி 3 மில்லிமீட்டர்தான். கீழடி எங்கே? சுமார் 2600 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. கேட்ட பையனையே ஒரு முடியை எடுத்துக் கயிற்றின் நுனியில் வைக்கச் சொல்லுங்கள்.

தொல்லியல் வேறு, தொல்லுயிரியல் வேறு என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். முன்னது மனிதர் விட்டுச்சென்ற பொருள்களைத் தேடுவது, பின்னது உயிர்கள் கல்லில் விட்ட தடத்தைத் தேடுவது. கீழடியில் கரியை வைத்துக் காலம் கணித்த முறை டைனோசருக்கு உதவாது. அது சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுக்குள்தான் வேலை செய்யும். அதற்கு முந்தையவற்றுக்குப் பாறை அடுக்குகளின் வரிசையையும், அவற்றுக்கிடையே படிந்த எரிமலைச் சாம்பலில் உள்ள கதிரியக்கத் தனிமங்களையும் பார்க்கிறார்கள்.

அடுத்து, மாதிரி இல்லையே என்ற கவலை. அதை விடுங்கள். ஒரு சிப்பி, கொஞ்சம் களிமண், ஒரு பாக்கெட் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். சிப்பியைக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் அச்சு. அதில் பிளாஸ்டரை ஊற்றி, காய்ந்ததும் எடுத்தால் வார்ப்பு. கையில் இருப்பது சிப்பி மாதிரியே இருக்கும், ஆனால் அதில் துளிகூடச் சிப்பி இல்லை. பல புதைபடிவங்கள் இப்படித்தான் என்று அப்போது சொல்லுங்கள், பளிச்சென்று புரியும். (பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கையை உள்ளே வைத்திருக்க விடாதீர்கள். மிச்சத்தைக் குழாயடியில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும்.) அப்புறம் ஈரமண்ணில் ஒரு கோழியை நடக்கவிட்டுக் காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரல் முன்னால், செதில் மூடிய கால். பறவைகள் டைனோசர் வம்சம் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

சரி, அரியலூர். கட்டாயம் போங்கள். திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். ஆனால் பெரிய டைனோசரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள், ஏமாந்துபோவார்கள். அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பாறைகளில் பெரும்பகுதி, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் படிந்தவை. அங்கே அரசன் டைனோசர் அல்ல, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்.

ஒருமுறை ஒரு பள்ளியில் அம்மோனைட்டைக் கையில் கொடுத்தேன். ஒரு பையன் 'நத்தை சார்' என்றான். தப்பு என்று நான் சொல்லவில்லை. பாதியாக வெட்டி மெருகேற்றிய இன்னொன்றைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு நத்தை ஓட்டையும் உடைத்து வைத்தேன். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நத்தைக்குள் ஒரே குழல். இதற்குள் சுவர் சுவராகத் தடுத்த அறைகள். 'இதுக்கு நிறைய ரூம் இருக்கு சார், அப்போ நத்தை இல்ல' என்றான். இது கணவாய் மீனுக்கு உறவுக்காரன், கடைசி அறையில் குடியிருந்துகொண்டு மற்ற அறைகளை மிதக்கப் பயன்படுத்தியது என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் பலவற்றிலும் இதே சுருளைப் பார்க்கலாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பவை அவை. இமயமலை இருக்கும் இடத்தில் கடல் இருந்தது என்று சொல்ல அது ஒன்று போதும்.

டைனோசர் இல்லாமலும் இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று ஒரு பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள்; பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து போய்விட்டன. படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம். எனக்கு இதை வகுப்பில் சொல்ல மிகவும் பிடிக்கும். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வதும், ஒரு கல்லைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஒரே கதையில் வருகின்றன.

2020இல் பெரம்பலூர் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்துவிட்டதாகப் பரபரப்பானது நினைவிருக்கும். வல்லுநர்கள் பார்த்தபோது அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவுகள் இறுகிய உருண்டைக் கற்கள் என்று தெரிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லி, 'முட்டையா கல்லா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு பீரியட் போதாது.

கல் பொறுக்கலாமா என்றால், வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் மண்ணரிப்புப் பள்ளங்கள், சாத்தனூர் கல்மரம் (கல்லாகிப்போன மரம்), விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்கள் மூன்றும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும், எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத புதைபடிவம் பாதி ஊமை. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விடப் பழக்குங்கள். சிமென்ட் ஆலைச் சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழையவே வேண்டாம், வெடி வைக்கிற இடம்.

தை, மாசியில் போவது நல்லது. மழை பெய்த மறுநாள் காரைக் களிமண் வழுக்கும். சித்திரையில் நிழலுக்கு ஒரு மரம் கிடைக்காது. வாரணவாசியில் உள்ள அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்தை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, காரைக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் கல்லின் வரிகள் நிழலோடு எடுத்துக் காட்டும். பத்து மணிக்குமேல் அதே கல் வெறும் கல்லாகத்தான் தெரியும்.