பிரெஞ்சு வகுப்பறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியில் பிரெஞ்சு கற்பிப்பவர்களும், கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான். வகுப்பில் நாற்பது பேர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஆங்கிலச் சொல்லைப் போலவே வாசிக்கிறார்கள். உச்சரிப்பைத் திருத்த வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, திருச்சிராப்பள்ளி

உண்டு. அந்த வழி உங்கள் மாணவர்களின் வாயிலேயே இருக்கிறது. பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிப்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன பழக்கம். ஒலிகளைப் பொறுத்தவரை அது சுற்றுவழி மட்டுமல்ல, தவறான வழியும்கூட. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் நாம் அன்றாடம் பேசும் தமிழில் அவற்றுக்கு மிக நெருக்கமான ஒலிகள் உள்ளன. ‘பணம்’, ‘மரம்’ என்று எழுதுகிறோமே தவிர, பேச்சில் இறுதி மகரத்துக்கு உதடுகளை மூடுவதில்லை; முந்திய உயிரையே மூக்கின் வழியாக ஒலித்து நிறுத்திவிடுகிறோம். ‘நல்ல’ என்று பொருள்படும் ‘போன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவில் வருவது ஏறக்குறைய இதே ஒலிதான். அவ்வாறே பேச்சுவழக்கில் ‘வந்தான்’ என்பதன் இறுதி ஒலி ஒரு பிரெஞ்சு மூக்கொலி உயிரையும், ‘வந்தேன்’ என்பதன் இறுதி ஒலி மற்றொன்றையும் ஒத்திருக்கின்றன.

இதை ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். மாணவர்களை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தி, முதலில் ‘பணம்’ என்று வீட்டில் பேசுவதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பவர் சொல்பவரின் உதடுகளை மட்டும் கவனிக்க வேண்டும். உதடுகள் மூடினால் ஒரு கோடு, மூடாவிட்டால் ஒரு மதிப்பெண். அடுத்து அதே கண்காணிப்பின்கீழ்ப் பிரெஞ்சுச் சொற்களைச் சொல்லவேண்டும். சில நிமிடங்களில் வகுப்பு முழுவதும் மூக்கொலியைப் பிடித்துவிடும். ‘த்யூ’ என்னும் முன்னிலைச் சொல்லில் உள்ள உயிர் நமக்கு இல்லாதது. அதற்கு ‘ஈ’ என்று நீட்டி ஒலித்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதடுகளை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்கச் சொன்னால் போதும்.

சொற்களை இணைத்து ஒலிப்பதிலும் தமிழ் துணைக்கு வரும். நிலைமொழியின் ஈற்று மெய்யின்மேல் வருமொழியின் முதல் உயிர் ஏறும் என்பதை நம் மாணவர்கள் தமிழ் இலக்கண வகுப்பில் படிக்கிறார்கள். பிரெஞ்சில் தனியாக ‘லே’ என்று ஒலிக்கும் சொல், ‘நண்பர்கள்’ எனப் பொருள்படும் ‘ஆமி’யோடு சேரும்போது ‘லேஸாமி’ ஆகிறது. எழுத்தில் இருந்தும் ஒலிக்காமல் கிடந்த மெய், உயிர் வந்ததும் உயிர்பெறுகிறது. புணர்ச்சி அறிந்த பிள்ளைக்கு இதில் வியப்பு இல்லை. எல்லா இடத்திலும் இப்படிச் சேர்க்கக் கூடாது என்பதையும், ‘உம்’ என்னும் பொருளில் வரும் ‘ஏ’ என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்பதையும் உடன் சொல்லிவிடுங்கள். எதைச் செய்தாலும், ஒரு சொல்லைக் காதால் கேட்டு வாயால் சொன்ன பின்பே அதைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுத்தை முதலில் பார்த்த குழந்தை அதை ஆங்கிலமாகவே வாசிக்கும்.

வினைச்சொற்களின் திரிபு அட்டவணைகளை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியர், கோயம்புத்தூர்

அட்டவணையை வரிசையாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு வரிசைதான் மனத்தில் பதிகிறது, சொல் பதிவதில்லை. ஆகவே வரிசையைக் கலைக்கும் பயிற்சி தேவை. பிரான்சின் பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் ஆடும் ‘பத்தாய் நவால்’ என்ற கடற்போர் விளையாட்டை வினைச்சொற்களுக்கு மாற்றி ஆடுவது பல நாடுகளின் பிரெஞ்சு ஆசிரியர்கள் கையாளும் முறை. இதைவிடச் சிக்கனமான, பயன்மிக்க வகுப்பறைச் செயல்பாடு வேறொன்று எனக்குத் தெரியாது.

குறிப்பேட்டில் ஒரு கட்டம் வரையவேண்டும். மேலே நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்பவற்றுக்குரிய ஆறு பிரெஞ்சுச் சொற்கள். இடப்பக்கம் பத்து வினைச்சொற்கள். நான்கு கட்ட நீளத்தில் ஒரு கப்பல், மூன்று கட்டத்தில் இரண்டு, இரண்டு கட்டத்தில் மூன்று என ஒவ்வொருவரும் எதிராளிக்குத் தெரியாமல் வரைந்துகொள்கிறார்கள். தாக்க நினைக்கும் கட்டத்தை எண்ணால் சொல்லக் கூடாது. அந்தக் கட்டத்தில் சந்திக்கும் எழுவாயையும் வினையையும் சேர்த்து, ‘நூ ஃபினிஸோன்’ என்று திரிந்த வடிவில் சொல்லவேண்டும். வடிவம் தவறானால் முறை பறிபோகும். எதிராளி ‘தூஷே’ (பட்டது), ‘ஆ லோ’ (தண்ணீரில்), ‘கூலே’ (மூழ்கியது) என்று பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறார்.

இதன் சிறப்பு, கேட்பவருக்கும் வேலை இருப்பதுதான். சொன்னது சரியா என்று தீர்மானிக்க அவருக்கும் அந்த வடிவம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தன் கப்பலைக் காக்க முடியாது. இருவர் இருவராக ஆடும் நாற்பது பேர் வகுப்பில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவதால், ஆசிரியர் கேள்வி கேட்டு ஒவ்வொருவராக எழுப்பும் வகுப்பைக் காட்டிலும் ஒரு மாணவர் பன்மடங்கு பேசுகிறார். நீங்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் விளக்கலாம். ஆட்டத்தின் நடுவே திருத்த வேண்டாம். சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எழுபது, எண்பது, தொண்ணூறு ஆகிய எண்களில் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.
– ஓர் ஆசிரியை, வேலூர்

பிரான்சில் எழுபதை அறுபது–பத்து என்றும், எண்பதை நான்கு இருபது என்றும், தொண்ணூறை நான்கு இருபது–பத்து என்றும் சொல்கிறார்கள். பத்துப் பத்தாக எழுதிய எண் அட்டவணையில் இந்த அமைப்பு கண்ணுக்குத் தெரியாது. அறுபது முதல் எழுபத்தொன்பது வரை ஒரே வரிசையிலும், எண்பது முதல் தொண்ணூற்றொன்பது வரை அடுத்த வரிசையிலும் இருபது இருபதாக எழுதிய சுவர்ப்படம் ஒன்றை மாட்டுங்கள். பிறகு இந்த நாற்பது எண்களை மட்டும் வைத்து, அழைக்கும் எண்ணைச் சீட்டில் குறிக்கும் ‘லோட்டோ’ ஆடுங்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ‘செப்தான்த்’, ‘நோனான்த்’ என்ற நேரடியான சொற்கள் உண்டு என்பதையும் பெரிய வகுப்புகளுக்குச் சொல்லலாம்.

மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று என் மகன் மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு எடுத்திருக்கிறான். தேர்வுக்குப் பிறகு இது பயன்படுமா?
– ஒரு தந்தை, சென்னை

தேர்வுக்காக மட்டும் படித்தால் பயன்படாது. இதை மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை. பேசாமலும் கேளாமலும் எழுதி மட்டுமே பழகிய மொழி ஓராண்டில் மறந்துவிடும். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வழங்கும் ‘டெல்ஃப்’ என்ற மொழித்திறன் சான்றிதழ்த் தேர்வில், தொடக்கநிலையான ‘ஏ1’ அல்லது அதற்கு அடுத்த ‘ஏ2’ நிலையை அவர் இலக்காக வைத்துக்கொள்ளட்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு 100-க்கு 50 வேண்டும். எந்த ஒரு பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. இந்த அமைப்பே பேச்சையும் கேட்டலையும் ஒதுக்க முடியாதபடி செய்துவிடுகிறது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

எங்கள் பள்ளியில் பாடநூலைத் தவிர வேறு கருவிகள் இல்லை. செலவில்லாமல் எவற்றைப் பயன்படுத்தலாம்?
– ஓர் ஆசிரியர், விழுப்புரம்

இணைய வசதி இருந்தால் ‘டிவி5மோந்த்’ என்ற பிரெஞ்சுமொழித் தொலைக்காட்சி நிறுவனத்தின் பிரெஞ்சுக் கற்றல் தளம் இலவசம். ‘ஏ1’ முதல் ‘பி2’ வரை நிலைவாரியாகக் காணொலிகளும் பயிற்சிகளும் உள்ளன. பிரெஞ்சுப் பன்னாட்டு வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கை பத்து நிமிடம். எழுத்து வடிவமும் உடன் கிடைக்கிறது. ஆனால் அது தொடக்கநிலை மாணவர்களுக்குக் கடினம். உங்கள் காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ள நீங்கள் நாள்தோறும் கேளுங்கள்.

ஆயினும், விழுப்புரத்தில் இருக்கும் உங்களுக்கு இவற்றைவிடப் பெரிய கருவி அருகிலேயே இருக்கிறது. புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய பகுதியில் தெருப்பெயர்ப் பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் உள்ளன. நேர்க்கோட்டில் ஓடிக் குறுக்கே வெட்டிக்கொள்ளும் அந்தத் தெருக்கள் வழிகேட்கும் பாடத்துக்கென்றே அமைந்தவை போன்றவை. நகர வரைபடத்தைப் படியெடுத்து, ஒருவர் இரயில் நிலையத்திலிருந்தும் மற்றவர் போர் நினைவுச் சின்னத்திலிருந்தும் வழி கேட்பதாக உரையாட வையுங்கள். ‘நேராக’ என்பதற்கான ‘தூ த்ருவா’விலும் ‘வலப்பக்கம்’ என்பதற்கான ‘ஆ த்ருவாத்’திலும் இரண்டாம் சொற்கள் கடைசி ஒலியில்தான் வேறுபடுகின்றன. அந்தத் ‘த்’ ஒலியை விழுங்கினால் நண்பர் கடலுக்குப் போய்விடுவார் என்பதை வரைபடத்தில் விரல் வைத்தே காட்டலாம். பிறகு ஒருமுறை நேரில் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். முதல் உலகப்போரில் காயமடைந்து, நீண்ட நேரம் பேச இயலாத நிலையில் தென் பிரான்சின் சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த செலெஸ்தான் ஃப்ரெனே, 1920-களில் தம் மாணவர்கள் எழுதியவற்றை வகுப்பிலேயே அச்சிட்டு வேறொரு பள்ளிக்கு அனுப்பச் செய்தார். அங்கிருந்தும் எழுத்துகள் வந்தன. படிக்க உண்மையான ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் குழந்தைகளின் எழுத்து மாறிவிடுகிறது. நீங்கள் பிரான்சுக்கு எழுத வேண்டியதில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ பிரெஞ்சு கற்பிக்கும் ஓர் ஆசிரியரைக் கண்டுபிடித்து, இரு வகுப்புகளும் மாதம் ஒரு கடிதம் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். முதல் கடிதத்தில் பெயர், வயது, தெரு, பிடித்த உணவு என ஐந்து வாக்கியங்கள் போதும். பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்பாமல், படிப்பவருக்குப் பொருள் புரியாத இடத்தை மட்டும் மாணவரையே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.