பில் மேஜை மேஜையாக அலைவது ஏன்?

கேள்வி: கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கிறோம். அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். காஸ்டிங் (உலோக வார்ப்புப் பாகங்கள்) தரும் ஃபவுண்டரிகளுக்குப் பணம் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பணத் தட்டுப்பாடு இல்லை; பில் பாஸ் ஆவதில்தான் தாமதம். அக்கவுன்ட்ஸில் இன்னும் ஒருவரைச் சேர்ப்பதா, இஆர்பி (எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் இணைக்கும்) சாஃப்ட்வேர் வாங்குவதா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். இன்றைய நடைமுறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், மேஜையில் தேங்கிய பில் திரையில் தேங்கும்.

போன மாதம் பணம் கொடுத்த பில்களில் இருபதை எடுங்கள். சரக்கு கேட்டுக்குள் வந்தது, ஸ்டோர்ஸில் ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போட்டது, கியூசி (தரச் சோதனை) முடிந்தது, பில் அக்கவுன்ட்ஸுக்கு வந்தது, கையெழுத்தானது, பணம் போனது என்று ஆறு தேதிகளை ஒவ்வொரு பில்லுக்கும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு பில்லுக்கு உண்மையில் செலவாகும் வேலை நேரம் நிமிடக்கணக்குதான். மற்றதெல்லாம் அது காத்துக்கிடந்த நாட்கள். எந்த இரு தேதிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதோ, அங்கே கை வையுங்கள்.

காஸ்டிங் பில்லில் சிக்கல் பெரும்பாலும் அலகில் இருக்கும். ஆர்டரில் 200 கேஸிங் (பம்பின் வெளிக்கூடு) என்று எண்ணிக்கையில் கேட்டிருப்பீர்கள். ஃபவுண்டரி கிலோவில் பில் போடும். ஸ்டோர்ஸ் எண்ணிப் பார்த்து வரவு வைக்கும். மூன்று காகிதமும் ஒத்துப்போகாததால் அக்கவுன்ட்ஸ்காரர் பில்லை ஓரமாக வைத்துவிட்டு போன் போடத் தொடங்குவார். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எண்ணிக்கை, ஒரு கேஸிங்கின் எடை, கிலோ விலை மூன்றையும் எழுதுங்கள். கூடக்குறைய எவ்வளவு எடை ஏற்கலாம் என்பதையும் (உதாரணமாக 2 சதவீதம்) சேருங்கள். ஸ்டோர்ஸ் எண்ணவும் வேண்டும், எடை போடவும் வேண்டும். வித்தியாசம் வரம்புக்குள் இருந்தால் யாரையும் கேட்காமல் பில் பாஸ் ஆகட்டும்.

200-ல் 6 ரிஜெக்ட் ஆனால் முழு பில்லையும் நிறுத்திவைப்பது இன்னொரு கெட்ட வழக்கம். ஆறுக்கு அன்றே டெபிட் நோட் (தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டு, 194-க்குப் பணம் கொடுங்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பில் பட்டுவாடாப் பிரிவில் 500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு 20 சதவீதம் குறைக்கலாம் என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். ஜப்பானின் மஸ்தா கார் நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் பார்ப்பதைக் கண்டதும் நடைமுறையையே மாற்றினார்கள். முன்பு 14 விவரங்களை ஒப்பிட்டவர்கள், பாகத்தின் எண், அளவை அலகு, சப்ளையர் குறியீடு என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆட்களின் தேவை 75 சதவீதம் குறைந்தது. அவர்கள் சப்ளையர் பில்லையே ஒழித்தார்கள்; நீங்கள் அதைச் செய்ய முடியாது, சரக்குக்குக் கட்டிய ஜிஎஸ்டி-யைக் கழித்துக்கொள்ள (உள்ளீட்டு வரி) பில் கட்டாயம். ஆனால் ஒப்பிடும் வேலையைச் சரக்கு இறங்கும் இடத்திலேயே முடித்துவிடலாம். ஆர்டர் எண் இல்லாத வண்டியை இறக்க விடாதீர்கள். ஜிஆர்என் அன்று மாலைக்குள் முடிய வேண்டும்.

எம்டி-யின் கையெழுத்து ஆர்டரில் இருந்தால் போதும். எல்லாம் ஒத்துப்போன பில்லில் இரண்டாம் முறை தேவையில்லை. ஒத்துப்போகாதவை மட்டும் அவரிடம் போகட்டும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஆர்டர் போடுபவரே சரக்கை வரவு வைக்கக் கூடாது. வேகத்துக்காக இதைத் தளர்த்தும் இடத்தில்தான் திருட்டு நுழைகிறது.

தாமதத்துக்குச் சட்டத்திலும் விலை உண்டு. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31-க்குள்ளும் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

ஐந்து ஃபவுண்டரிகளோடு ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். அந்த ஐந்துக்கும் பழைய ரெஜிஸ்டரை மூடிவிடுங்கள். இரண்டும் ஓடினால் ஊழியர்கள் பழையதைத்தான் நம்புவார்கள். அக்கவுன்ட்ஸில் இருப்பவரிடம், வேலை போகாது, ஒத்துப்போகாத பில்களும் சப்ளையர் கணக்குச் சரிபார்ப்பும் இனி உங்கள் பொறுப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத முடிவில் அதே ஆறு தேதிகளை மீண்டும் எழுதிப் பாருங்கள். எந்த சாஃப்ட்வேர் வேண்டும், வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.